தங்கியிருப்போரும் தங்கிச் செல்வோரும்: மாணவர் வாடகைக் குடியிருப்பும் அயலின் உரிமையும்

ஒரு பல்கலைக்கழகம் எங்கே அமைந்துள்ளது என்னும் வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் அதன் மதிலுக்கு உட்பட்ட நிலத்தையே சுட்டுவர். விரிவுரை மண்டபமும் நூலகமும் அம்மதிலுக்குள் அடங்குவன என்பது உண்மையே. ஆனால் அங்கே பகல் முழுவதும் கற்கும் மாணவன் இரவில் எங்கே உறங்குகின்றான், எந்தக் கிணற்றில் நீர் அள்ளுகின்றான், எவருடைய சுவருக்கு மறுபுறத்தே உரத்துப் பேசுகின்றான் என்று கேட்கத் தொடங்கின், பல்கலைக்கழகத்தின் எல்லை மதிலைக் கடந்து ஒழுங்கைகளுக்குள் நீளுகின்றது. அவ்வொழுங்கைகளிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர் உளர். அவர்கள் பல்கலைக்கழகத்தை நாடிச் சென்றவர் அல்லர். பல்கலைக்கழகமே அவர்களிடம் வந்து சேர்ந்தது.

இவ்வாறு சில ஆண்டுகள் தங்கிச் செல்வோருக்கும் நிலையாகத் தங்கியிருப்போருக்கும் இடையிலுள்ள கடப்பாடு யாது? வாடகை, போக்குவரத்து, நகரத் திட்டமிடல் ஆகியன சார்ந்த வினாவாகவே இது பொதுவில் ஆராயப்படுகின்றது. அவ்வாய்வுகள் பயனுடையன. ஆயினும் அடிப்படையில் இது ஓர் அறவியல் வினாவாகும். ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்ந்தமை ஒருவருக்கு அவ்விடத்தின்மீது எத்தகைய உரிமையை அளிக்கின்றது என்பதும், விரைவில் நீங்கிச் செல்ல இருத்தல் ஒருவரை எந்தக் கடமையிலிருந்து விடுவிக்கின்றது என்பதும் இதன் இரு கூறுகள் எனலாம்.

இப்பிரச்சினை புதியதன்று. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்கள் தொடக்கத்திலே தமக்கெனக் கட்டடங்கள் அற்றனவாகவே இருந்தன. ஒக்ஸ்போட்டுக்குக் கற்க வந்தோர் நகரமக்களின் இல்லங்களையே வாடகைக்குப் பெற்றுத் தங்கினர். வாடகை பற்றிய பிணக்கு அங்கு எத்துணை முதன்மை பெற்றிருந்தது என்பதற்கு 1214ஆம் ஆண்டிற் பாப்பரசரின் பிரதிநிதி வழங்கிய தீர்ப்புச் சான்றாகும். நகரத்தாருக்கும் கற்போருக்கும் இடையே மூண்டிருந்த பகையைத் தீர்க்க முனைந்த அத்தீர்ப்பு, மாணவர் தங்கும் இல்லங்களின் வாடகையைப் பத்தாண்டுகளுக்குப் பாதியாகக் குறைத்தது. எனினும் பகை தணியவில்லை. 1355ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் ஒரு மதுச்சாலையில் மதுவின் தரம் பற்றி எழுந்த வாய்ச்சண்டை பெருங்கலவரமாக முற்றி, அறுபதுக்கு மேற்பட்ட கற்போரும் முப்பதளவிலான நகரமக்களும் உயிரிழக்கக் காரணமாயிற்று. ஒரு கிண்ண மதுவுக்காக மனிதர் இவ்வாறு மடிவதில்லை. நெடுங்காலம் அருகருகே வாழ்ந்தும் அயலவராகாத இரு கூட்டத்தாரின் பகைக்கு அது ஒரு சாட்டாக மட்டுமே அமைந்தது.

அண்மைக் காலத்துக்கு வருமிடத்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஹெடிங்லி என்னும் பகுதி எடுத்துக்காட்டத்தக்கது. அங்குள்ள செங்கல் வரிசை வீடுகளிற் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. பல்கலைக்கழக அனுமதி விரிவடைந்தபோது, ஒரு குடும்பம் தரும் வாடகையிலும் ஐந்தாறு மாணவர் சேர்ந்து தரும் வாடகை மிகுதி என்பதை வீட்டுடைமையாளர் கண்டனர். வீடுகள் ஒவ்வொன்றாக மாணவர் இல்லங்களாயின. குடும்பங்கள் நீங்கின, சிறுவர் குறைந்தனர், விடுமுறைக் காலங்களில் வீதிகள் வெறிச்சோடின. இம்மாற்றத்தை ‘மாணவர்மயமாதல்’ எனப் பொருள்தரும் சொல்லாற் புவியியலாளர் டரன் சிமித் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே குறித்தார். உறவுமுறையற்ற மூவர் முதல் அறுவர் வரை சேர்ந்து வாழும் வீட்டை இங்கிலாந்தின் திட்டமிடல் விதிகள் 2010இலிருந்து தனிவகையாகக் கணித்தன. குடும்ப வீடொன்றை அவ்வகை வீடாக மாற்றுவதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்னும் கட்டுப்பாடு லீட்ஸின் பல பகுதிகளில் 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அங்கு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முயன்றது. எவர் எவருக்குக் கடமைப்பட்டவர் என்பதைக் கூறவில்லை.

இலங்கையில் இப்பிரச்சினையைத் தவிர்க்கும் ஒரு வழி தொடக்கத்திலேயே முயலப்பட்டது. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தைப் பேராதனையில் வதிவிடப் பல்கலைக்கழகமாக அமைக்க வேண்டும் என்பதில் அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் உறுதியாக நின்றார். மகாவலியின் கரையிலே விரிவுரை மண்டபங்களோடு அருணாசலம், ஜயதிலக, ராமநாதன், சங்கமித்தா முதலிய மாணவர் விடுதிகளும் சேர்ந்தே திட்டத்தில் இடம்பெற்றன. மாணவன் உண்பதும் உறங்குவதும் கல்வியின் ஒரு பகுதியே என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது. ஆனால் அத்திட்டம் சிறு தொகையினரை மனத்திற் கொண்டது. சுயமொழிகளிற் கற்ற மாணவர் 1960 முதல் பெருந்தொகையாகப் பல்கலைக்கழகத்தினுட் புகுந்தபோது விடுதிகள் போதாவாயின. கல்வியின் கதவு அகலத் திறந்தமை போற்றத்தக்கது. அக்கதவினூடாக வந்தோர் எங்கே தங்குவர் என்னும் சிந்தனை அதே வேகத்தில் விரியவில்லை என்பதும் மறுக்கவியலாதது.

யாழ்ப்பாணத்திலோ நிலைமை முதலிலிருந்தே வேறுபட்டது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலே தொடங்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பேராதனை ஊரை விட்டு விலகி ஒரு பூங்காவிலே எழுந்தது. திருநெல்வேலியிலோ பல்கலைக்கழகம் ஊரின் நடுவே வந்தமர்ந்தது. ஒருபுறம் சந்தை, மறுபுறம் செம்மண் தோட்டங்கள், இடையே வேலிகளாற் பிரிக்கப்பட்ட வளவுகள், அவற்றினூடே ஒருவர் மிதிவண்டியிற் செல்ல மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒழுங்கைகள் என்றவாறு அமைந்த ஊர் அது. விடுதியில் இடம்பெறாத மாணவர் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், நல்லூர் ஆகிய பகுதிகளின் வீடுகளிலே அறைகளைத் தேடிக்கொண்டனர். ‘போடிங்’ எனப் பேச்சு வழக்கில் வழங்கும் வாழ்க்கை இவ்வாறு வேரூன்றியது.

தொடக்கத்தில் அது பெரும்பாலும் வீட்டாரோடு சேர்ந்த வாழ்வாகவே இருந்தது. ஒரு வீட்டின் ஓர் அறையிலே இருவர் தங்குவர். வீட்டுக்காரர் ‘தம்பி’ என்றோ ‘பிள்ளை’ என்றோ அழைப்பர். இரவு பிந்தி வந்தாற் கேள்வி எழும். காய்ச்சல் வந்தாற் கஞ்சியும் வரும். போரும் புலப்பெயர்வும் அந்நிலையை மாற்றின. 1995இன் பெரும் இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் எண்ணற்ற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கின. உரியவர் தொரொன்ரோவிலோ இலண்டனிலோ வாழ, அவர்தம் வீடுகள் பலவற்றை உறவினர் ஒருவர் பராமரிக்கும் நிலை ஏற்பட்டது. முழுவீடும் மாணவருக்கு விடப்படும்போது, அறைக்கு இத்தனை பேர், தலைக்கு இத்தனை ரூபா என்னும் கணக்கு எழுகின்றது. வீட்டாரின் பார்வையும் இல்லை, அவர்தம் கஞ்சியும் இல்லை. மாணவன் கண்காணிப்பிலிருந்து விடுபடுகின்றான். அதே வேளையிற் பரிவிலிருந்தும் விடுபடுகின்றான்.

இம்மாற்றத்தால் ஊருக்கு விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் நீதியாகாது. ஆண்துணை இழந்த பல குடும்பங்களுக்கு ஓர் அறையின் வாடகை அடுப்பெரிய உதவியது. உணவுக்கடைகளும் போட்டோப் பிரதி நிலையங்களும் பெருகிப் பலருக்குத் தொழில் அளித்தன. அயலிலுள்ள சிறுவருக்குப் பாடஞ்சொல்லும் அண்ணாமாரும் அக்காமாரும் கிடைத்தனர். ஆனால் இந்நன்மைகளும் தீமைகளும் ஒரே கைகளிற் சேர்வதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. வாடகை ஒரு வீட்டுக்குச் செல்கின்றது. இரைச்சலும் நெரிசலும் பக்கத்து வீட்டுக்குச் செல்கின்றன. வாடகை உயர்வினால் உரியவர் பயனடைகின்றார். அதே ஊரில் வாடகை வீட்டில் வாழும் இளங்குடும்பமோ தொலைவுக்குத் தள்ளப்படுகின்றது.

இவை எல்லாவற்றிலும் ஆழமான எடுத்துக்காட்டாகக் கிணற்றைக் கூறலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புக்கற் பாறையினுள்ளே, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையே மக்களின் நெடுங்கால நீர்வளம். அண்மை ஆண்டுகளிற் குழாய்நீர் விநியோகம் விரிவடைந்து வரினும் கிணறு தன் முதன்மையை இழந்துவிடவில்லை. மெல்லிய மண்படையும் துளைகள் மலிந்த பாறையும் மேலிருந்து இறங்கும் கழிவை முழுவதும் தடுக்கவல்லன அல்ல. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்துள்ளனர். தோட்டங்களில் இடப்படும் உரத்தோடு மலகூடக் குழிகளின் கசிவும் இதற்குக் காரணமாகும். ஐந்தாறு பேருக்கெனக் கட்டப்பட்ட வீட்டிற் பன்னிருவர் தங்கும்போது குழி பெரிதாவதில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதுமில்லை. வேலி நிலத்தின் மேலேதான் உண்டு, நீருக்கு வேலியில்லை. ஒரு வளவிற் கழிக்கப்படுவது அயல் வளவிற் குடிக்கப்படலாம்.

ஆகவே நிலையாகக் குடியிருப்போர் தம் அயலிற் பிறர் வந்து தங்குவதுபற்றிக் குரலெழுப்ப உரிமையுடையரா? உடையர் எனக் கூற யாழ்ப்பாணத்து மரபிலேயே சான்றுண்டு. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்பனையில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும், குறித்த நிபந்தனைக்கு உட்பட்ட அயற்காணிக்காரருக்கும் முன்கொள்வனவு உரிமையை ஏற்றது. பக்கத்தில் எவர் வந்து அமர்கின்றார் என்பதிற் பக்கத்திலிருப்போருக்கும் பங்குண்டு என்னும் எண்ணம் அவ்வழக்கத்தில் உறைந்திருந்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளர், உரித்தாளர் என்போரோடு சுருக்கி, அயலவரை விலக்கியது.

அயலவர் விலக்கப்பட்டமை இழப்பா, ஆக்கமா? இவ்விடத்தில் உண்மையை மறைத்துப் பேசுதல் தகாது. பழைய அயலின் ஒற்றுமை அன்பினால் மட்டும் கட்டப்பட்டதன்று, விலக்கலாலும் கட்டப்பட்டது. ஒரே கிணற்றிற் சிலர் அள்ளவும் சிலர் அள்ளாது காத்து நிற்கவும் வேண்டியிருந்த சமூகம் அது. சாதியின் பெயராற் பொதுவிடங்களில் இழைக்கப்படும் தடைகளுக்கு எதிராக 1957இற் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், ஆலயக் கதவுகளின் முன்னே 1968இலும் போராட வேண்டியிருந்தது. அறை தேடி வரும் மாணவனிடம் ‘தம்பி எந்த ஊர், ஊரிலே எந்தப் பக்கம்’ என்று கேட்கப்படும் வினா, வழியறிவதற்காக மட்டும் கேட்கப்படுவதன்று என்பதை அவ்வினாவுக்கு விடையளித்து வெறுங்கையோடு திரும்பியோர் அறிவர். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தோர் இவ்வினாவின் பல வடிவங்களை எதிர்கொண்டனர். தொடக்க ஆண்டுகளிற் சிங்கள மாணவரும் இங்குக் கற்றனர். 1977இன் வன்செயல்களை அடுத்து அவர்கள் நீங்கினர். போர் முடிந்த 2009இன் பின்னர் மீண்டும் வந்தனர். அவர்களும் ஏதோ ஒரு படலையின் முன்னே நின்றே அறை கேட்கின்றனர்.

ஆதலால் அயலின் உரிமையை முழுமையாக ஏற்பதும் முழுமையாக மறுப்பதும் ஒருங்கே பிழையாகும். ‘நீ யார்’ என்பது ஒரு வினா. ‘நீ எவ்வாறு வாழ்வாய்’ என்பது மற்றொரு வினா. பிறப்பு, மொழி, சாதி, ஊர் ஆகியனவற்றை நாடும் முதலாம் வினாவை எழுப்ப எந்த அயலுக்கும் உரிமையில்லை. எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்திருப்பினும் இல்லை. ஆனால் நீரை, இரவின் அமைதியை, ஒழுங்கையின் தூய்மையை நாடும் இரண்டாம் வினாவை எழுப்பும் உரிமை அயலுக்கு உண்டு. அவ்வுரிமை நெடுங்காலம் வாழ்ந்தமையினின்றும் பிறப்பதன்று. ஒருவர் செய்வதன் விளைவை மற்றவர் சுமக்க நேர்வதினின்றும் பிறப்பது. நேற்று வந்தவரும் அவ்வுரிமையை உடையவரே. இரண்டையும் குழப்புவதனாலேயே இப்பிரச்சினை சிக்கலாகின்றது. முதலாம் வினாவைக் கேட்க விரும்புவோர் பலர் இரண்டாம் வினாவின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர்; ‘பெடியள் சத்தம் போடுவினம்’ என்பது சில வேளைகளில் ‘அந்தப் பகுதிப் பெடியள் வேண்டாம்’ என்பதன் நாகரிக வடிவமாகின்றது. மாறாக, இரண்டாம் வினாவுக்கு விடையளிக்க விரும்பாத மாணவரும், தம்மை எவரேனும் கண்டித்தால் அதனை முதலாம் வினாவாகத் திரித்துக் காட்டித் தப்ப முயல்கின்றனர்.

மாணவர் தரப்பில் முன்வைக்கப்படும் வாதங்கள் இரண்டு. ‘வாடகை கொடுக்கின்றோம், அதற்கு மேல் எவருக்கும் கடன்படவில்லை’ என்பது முதலாவது. இது வாடகை பெறும் ஒருவரோடு மட்டும் கணக்குத் தீர்க்கின்றது. அயல்வீட்டு முதியவள் எந்த வாடகையும் பெறுவதில்லை. அவளுடைய உறக்கத்தையும் கிணற்றையும் விலை கொடுத்து வாங்கியதாக எந்த உடன்படிக்கையும் இல்லை.

‘நான்கு ஆண்டுகளிற் சென்றுவிடுவோம், விருந்தினரைப் பொறுத்தருளுக’ என்பது இரண்டாவது வாதம். இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. விருந்தோம்பலைத் திருக்குறள் இல்லறவியலில் வைத்தது. யாழ்ப்பாணத்து வீடுகளின் சங்கடப்படலை வழிப்போக்கர் நிழலில் இளைப்பாறவென்றே கூரையிட்டு அமைக்கப்பட்டது. ஆயினும் விருந்து என்பது கொடுப்போரின் உவப்பினால் அமைவது. பெறுவோர் உரிமையாகக் கோரக்கூடியதன்று. மெய்யியலாளர் கான்ற், 1795இல் எழுதிய நிலையான சமாதானம் பற்றிய நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். அந்நியன் ஒருவன் பகைவனாக நடத்தப்படாதிருக்கும் உரிமை உடையவன். விருந்தினனாக ஏற்கப்படும் உரிமை உடையவன் அல்லன் என்பது அவர் கருத்து. பூமியின் பரப்பு யாவருக்கும் பொதுவாயிருத்தலின் முன்னையது பிறக்கின்றது. பின்னையதற்குத் தனியான நட்புறவு வேண்டும். அறை தேடும் மாணவன் பகைவனாகவோ இழிந்தோனாகவோ நடத்தப்படாதிருக்க உரிமையுடையவன். அதற்கப்பாற் பரிவை வேண்டுவானாயின் அதனை ஈட்டிக்கொள்ளவேண்டும்.

மேலும், ‘சென்றுவிடுவோம்’ என்பது ஒவ்வொரு மாணவனைப் பொறுத்தவரையிலும் உண்மை. மாணவர் எல்லாரையும் பொறுத்தவரையிற் பொய். ஒருவன் போகின்றான், அதே அறைக்கு, அதே கட்டிலுக்கு, மற்றொருவன் வருகின்றான். ஒழுங்கையில் வாழும் முதியவள் கண்டது நான்கு ஆண்டுகளின் மாணவனை அன்று. ஐம்பது ஆண்டுகளின் மாணவரை. அவள் வீட்டின் அருகே என்றும் இருபது வயதிலேயே நிற்கும் ஓர் அயலவன் உண்டு. அவன் மூப்பதில்லை, கற்றுக்கொண்டதை நினைவில் வைத்திருப்பதுமில்லை. ஒவ்வோராண்டும் அவனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கின்றது. அவளது சலிப்பைப் பழைமைவாதம் என்று மட்டும் ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தனி மாணவன் தற்காலிகமானவன். மாணவர் கூட்டமோ அந்த அயலின் நிரந்தரக் குடி. நிரந்தரக் குடிக்குரிய கடமைகளை அக்கூட்டம் ஏற்றே ஆகவேண்டும்.

மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு கூட்டம் எவ்வாறு கடமையைத் தாங்கும் என வினவலாம். தாங்கும் என்பதற்கு வருந்தத்தக்க சான்று ஒன்று பல்கலைக்கழகங்களிலேயே உண்டு. 1998ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்த பின்னரும் பகிடிவதை ஓர் அணியினரிடமிருந்து அடுத்த அணியினருக்குப் பிசகாது கையளிக்கப்பட்டு வந்துள்ளது. அதன் சொற்கள், அதன் முறைகள், அதன் நியாயங்கள் யாவும் எழுதிவைக்கப்படாமலே கடந்து வந்தன. மூத்தோர் இளையோருக்கு மரபொன்றைக் கையளிக்க வல்லர் என்பது இதனால் ஐயமற நிறுவப்படுகின்றது. அவ்வாறாயின், எந்த வீட்டுக் கிணற்றில் நீர் குறைவு, எந்த முதியவர் நோயாளி, எந்த மணிக்குப் பின் ஒழுங்கையிற் குரல் தாழவேண்டும் என்பவற்றையும் அவர்கள் கையளித்திருக்கலாம். இழிவைக் கையளித்து நன்மையைக் கையளியாது விட்டமை இயலாமையன்று, தெரிவு.

இதன் பொருள் பொறுப்பு முழுவதும் மாணவருடையது என்பதன்று. அனுமதித் தொகையைப் பெருக்கும் அரசும் பல்கலைக்கழகங்களும், பெருகியோர் உறங்கும் இடத்தையும் கணக்கிற் சேர்க்கக் கடமைப்பட்டவை. முதலாம் ஆண்டினருக்கும் இறுதி ஆண்டினருக்கும் விடுதியில் முன்னுரிமை அளித்து இடையிலுள்ளோரை வெளியே அனுப்பும்போது, அவர்களோடு அவர்தம் விளைவுகளும் வெளியே அனுப்பப்படுகின்றன. பல்கலைக்கழகத்தின் செலவிற் சேராத அந்த விளைவை அயலிலுள்ளோர் தம் கிணற்றினாலும் உறக்கத்தினாலும் செலுத்துகின்றனர். அவ்வாறே தலைக்கு இத்தனை ரூபா எனக் கணக்கிடும் வீட்டுடைமையாளர், அத்தனை தலைகளுக்கும் ஏற்ற மலகூடமும் குழியும் அமைத்தல் அயலாருக்குச் செய்யும் உபகாரமன்று. வாடகையோடு ஒட்டிய கடன். கடல் கடந்து வாழ்வோர் இதனின்றும் விலக்குப் பெறார்; தாம் குடிக்காத நீரை மாசுபடுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே நிலத்தோடு கிணற்றுப் பங்கும் குறிக்கப்படும் வழக்கம் உண்டு. பங்கு உள்ளவர் நீர் அள்ளுவர். கிணறு இறைத்துத் தூர்வாருங்காலத்தில் அவரே வந்து கயிறும் பிடிப்பர். வாடகைக்கு வரும் மாணவனின் பெயர் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் அவன் அள்ளும் முதல் வாளியோடு அவனுக்கும் அக்கிணற்றிற் பங்கு உண்டாகின்றது. அவன் யார் என்று கேளாமல் அவனை அள்ளவிடுவது ஊரின் கடமை. கயிறு பிடிக்க வேண்டிய நாளில் வந்து நிற்பதும், தான் நீங்கும்போது அடுத்து வருபவனிடம் அதனைச் சொல்லிச் செல்வதும் அவன் கடமை.